பக்கத்து மாகாணத்துக்குத் தட்டு கடத்திய கதை

நான் இதுவரை ஒரு முட்டைகூடச் சாப்பிட்டதில்லை. கொள்கை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், சாப்பிடச் சந்தர்ப்பம் வந்தபோதெல்லாம் பயமாக இருந்தது. அப்படிப்பட்ட எனக்கு மொன்றியலில் சோறு போட்டது முட்டைதான்.

நகரின் வடக்கே, அஹுன்ட்சிக் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் இன்ஜினீயர். ஊரெல்லாம் படித்துவிட்டுப் போட்ட செய்தித்தாள்களை வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, அச்சில் ஒட்டவைத்து, உலர்த்தி எடுப்போம். பிரதமரின் பேச்சு, ஹாக்கி ஆட்ட முடிவு, மரண அறிவித்தல் எல்லாம் ஒன்றாகக் கரைந்து ஒரு சாம்பல் நிறத் தட்டாக வெளியே வரும். முட்டைகளை அடுக்கும் தட்டு. ஊரில் என் மாமனார் தம் சினேகிதர்களிடம், "மாப்பிள்ளை கனடாவிலே பேப்பர் கம்பெனியிலே பெரிய உத்தியோகம்" என்று சொல்லி வந்தார். பொய்யில்லை. முட்டை விஷயத்தை மட்டும் அவருக்கு யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் சைவப் பிள்ளைமார் தெருவில் அவர் தலைகாட்ட முடியாது என்பது என் மனைவியின் கணிப்பு.

முதலாளி கியூபெக்கிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரர். பேச்சை அளந்து செலவழிப்பவர். அவரிடம் ஒரு வருஷம் நச்சரித்து இரண்டாவது இயந்திரம் ஒன்றை வாங்க வைத்தேன். "இருக்கிற ஒன்று போதாது, ஆர்டர் காத்துக் கிடக்கிறது, நாம் வளர வேண்டும்" என்று காகிதத்தில் கோடெல்லாம் போட்டுக் காட்டினேன். கோடு மேலே மேலே போயிற்று. அந்தத் தைரியத்தில் நானும் வாடகை வீட்டைக் காலி செய்து, நகரின் மேற்கோரம் பியர்பொன்ட்ஸில் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிபோனேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எதிர்காலம் எனக்காகவே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இயந்திரம் வந்து இறங்கிய மாதத்தில்தான் முட்டைச் சண்டை முற்றியது.

சண்டை இதுதான். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் மலிவு முட்டை வந்து எங்கள் கியூபெக் சந்தையில் குவிந்தது. இங்குள்ள கோழிப் பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். மாகாணத்தில் விற்கும் முட்டையெல்லாம் ஒரு வாரியத்தின் கை வழியாகத்தான் போகவேண்டும் என்று ஏற்பாடு வந்தது. வாரியம் உள்ளூர் முட்டையைப் பார்த்துச் சிரித்தது. வெளியூர் முட்டையைப் பார்த்தால் அதற்குக் கண் தெரியாது. பதிலுக்கு மற்ற மாகாணங்கள் எங்கள் கோழியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே தபால்தலை. வெளிநாட்டுச் சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரே சுங்கவரி. ஆனால் உள்ளுக்குள், ஒரு பண்ணையிலிருந்து அடுத்த ஊர்க் கடைக்குப் போகிற முட்டைக்கு எல்லை.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், கார்ன்வால் போகிற வழியில், முட்டைகளைத் தரம் பிரித்து அடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. எங்கள் தட்டில் பாதியை அதன் சொந்தக்காரர்தான் வாங்குவார். அவருடைய முட்டையில் முக்கால்வாசி மொன்றியலுக்கு வரும். முட்டை வரக்கூடாது என்றால் அவருக்குத் தட்டு எதற்கு? ஒரு திங்கட்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கள் மாகாணத்துக்கு என் முட்டை வேண்டாம், எனக்கு உங்கள் தட்டு வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புது இயந்திரத்தின் மேல் தார்ப்பாயைப் போர்த்தினோம். முதலாளி அதன் முன்னால் நின்று புகைத்தார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கிறேன்," என்றார். "அதற்குள் இதற்கு வேலை கிடைத்தால் இருக்கட்டும். இல்லையென்றால் செய்தவனிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்."

அவர் இயந்திரத்தைப் பற்றித்தான் சொன்னார். இயந்திரத்தோடு இன்ஜினீயரும் போவான் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். என்னையும் செய்தவனிடமே திருப்பி அனுப்புவார்களோ என்று நினைத்தபோது, என் அப்பா ஸ்டேஷனில் நின்று என்னைப் பிரித்துப் பார்ப்பதுபோல் ஒரு காட்சி வந்தது.

பயந்தவன் சும்மா இருக்கமாட்டான். நான் கியூபெக்கின் முட்டை விற்பனையைத் தனி ஆளாக உயர்த்தக் கிளம்பினேன். உள்ளூர் முட்டை நிறைய விற்றால் உள்ளூர்த் தட்டு நிறையப் போகும், கணக்குச் சரிதானே? வேலை முடிந்து வரும் வழியில் மூலைக்கடையில் தினமும் இரண்டு பெட்டி வாங்கினேன். என் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"என்னங்க இது?"

"முட்டை."

"அது தெரியுது. இது எந்த வீட்டுக்குப் போகுது?"

நம் வீட்டுக்கு என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அதனால் நான்கு வீடு தள்ளி இருந்த யாழ்ப்பாணத்து நண்பன் வீட்டுக்குப் போயிற்று. அவன் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன், தனிக்கட்டை, எதைக் கண்டாலும் சிரிக்கிறவன். முதல் வாரம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். இரண்டாம் வாரம் கதவைப் பாதிதான் திறந்தான்.

"அண்ணை, உங்கட வேலையைக் காப்பாத்த நான் எத்தினை ஒம்லெட் தின்னுறது? நேற்றுக் கொக்கரிச்சுக்கொண்டு எழும்பினனான்."

"தம்பி, நாட்டுக்காகன்னு நினைச்சுக்கோ."

"எந்த நாட்டுக்கு? அதை முதல்ல முடிவு பண்ணிப்போட்டு வாங்கோ."

பனி விழத் தொடங்கியபோது அவன் முட்டைப் பெட்டிகளைப் பின்வாசல் படியில் அடுக்கி வைத்திருந்தான். உறைந்து, ஓடு வெடித்து, அவை அங்கேயே நின்றன. மாகாணப் பொருளாதாரத்துக்கு நான் செய்த தொண்டு அத்தோடு முடிந்தது.

இதற்கு நடுவே, அக்டோபர் கடைசியில் தீபாவளி வந்தது. மொன்றியலில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேராசிரியர்கள், மருத்துவர்கள், என்னைப்போல் சில இன்ஜினீயர்கள். ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுப்போம். ஆளுக்கு ஒரு பலகாரம். எங்கள் பங்குக்கு லட்டு. போன வருஷம் பாத்திரத்தில் கொண்டுபோன லட்டு பஸ் குலுங்கிய குலுக்கலில் பூந்தியாகத் திரும்பிப்போய்விட்டதால், இந்த வருஷம் என் மனைவி ஒரு யோசனை செய்தாள். வீட்டில் நான் கொண்டுவந்து போட்டிருந்த மாதிரித் தட்டுகளை எடுத்தாள். ஒவ்வொரு குழியிலும் வெண்ணெய்க் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு லட்டாக உட்கார வைத்தாள். தட்டுமேல் தட்டு அடுக்கி, கயிறு கட்டினாள். பியர்பொன்ட்ஸிலிருந்து கூடம் வரை இரண்டு பஸ் மாறியும் ஒரு லட்டுகூட உடையவில்லை.

நானும் ஒரு காரியம் செய்திருந்தேன். பீதியில், முதலாளியை விருந்துக்கு அழைத்திருந்தேன். மனிதர் நம் வீட்டு லட்டைச் சாப்பிட்டால் நம்மை வேலையைவிட்டு அனுப்பக் கூச்சப்படுவார் என்பது திட்டம். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டையுமாக, கையில் ஒயின் பாட்டிலோடு வந்து நின்றார். பாட்டிலைக் குளிரங்கிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தோம்.

கயிற்றை அவிழ்த்து, லட்டுத் தட்டுகளை மேஜையில் பரப்பினோம். கை நீட்டிய ஒரு டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"இது முட்டை வைக்கிற தட்டில்ல?"

"புதுசு சார். மெஷின்லேர்ந்து நேரா வீட்டுக்கு வந்தது. முட்டைய இது கண்ணால பார்த்ததில்ல."

"சரி. இருந்தாலும்..." என்று அவர் கையை முறுக்குப் பக்கம் திருப்பினார்.

ரசாயனப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "எதில செய்றீங்க?"

"பழைய பேப்பர் சார்."

"பழைய பேப்பரா? அதில யாராவது மீன் சுத்தியிருந்தா?"

"அதெல்லாம் கொதிக்கக் கொதிக்க அரைச்சுடுவோம் சார்."

"அப்ப மீனும் சேர்ந்து அரைஞ்சிருக்கும்ல?"

இப்படி ஒரு கேள்விக்கு எந்த இன்ஜினீயரிங் கல்லூரியிலும் பதில் சொல்லித்தருவதில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அடியில் காகிதம் வைத்திருப்பது போதுமா, குழியின் ஓரம் லட்டில் பட்டிருக்குமா, மேல்தட்டு லட்டுக்கும் கீழ்த்தட்டு லட்டுக்கும் வேறுபாடு உண்டா என்று விவாதம் வளர்ந்தது. எங்கள் சமூகத்திலும் ஒரு வாரியம் கூடிவிட்டது. லட்டு நன்றாக இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அது வந்த வழிதான் தப்பு. என் மனைவியின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"என் கையால பிடிச்சது. வேணும்னா சாப்பிடுங்க, வேணாம்னா எங்களுக்கு வீட்டுல ஆள் இருக்கு," என்றாள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். லட்டு நூறு இருக்கும்.

அப்போது முதலாளி மேஜைக்கு வந்தார். நடப்பது எதுவும் அவருக்குப் புரியவில்லை. லட்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்று. மூன்றாவதை எடுத்தவர், சாப்பிடாமல், அதை மறுபடி குழியில் வைத்தார். தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினார். லட்டு அசையவில்லை. தட்டைச் சரித்தார். அப்போதும் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, கையை முஷ்டியாக்கி, குழிக்கு மேலே பிடித்துக் காட்டினார்.

"இந்த அளவு இருந்தால்?" என்றார். "ஆப்பிள்."

என் வாயில் முறுக்கு இருந்தது. கடிக்காமல் நின்றேன்.

ஆப்பிளை அந்த நாளில் பலர் பெட்டியில் அப்படியே கொட்டி அனுப்புவார்கள். ஒன்றோடொன்று இடித்து, போய்ச் சேரும்போது பாதியில் அடிபட்ட கறுப்பு இருக்கும். முட்டை உடையாமல் போகிறது என்றால் ஆப்பிள் நசுங்காமல் போகாதா? முட்டைக்கு வாரியம் உண்டு, எல்லை உண்டு, கோபம் உண்டு. ஆப்பிளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. இதையெல்லாம் முதலாளி சொல்லவில்லை. அவர் நான்காவது லட்டைச் சாப்பிட்டார். நான்தான் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். மிச்ச லட்டுகள் என் மடியில் குலுங்காமல் வந்தன.

நவம்பர் முழுவதும் அச்சோடு மல்லுக்கட்டினேன். குழியைப் பெரிதாக்கினால் ஓரம் மெலிந்தது. ஓரத்தைத் தடிமனாக்கினால் உலரவில்லை. முதலாளியின் மைத்துனருக்கு ஆற்றுக்குத் தெற்கே ஒரு சின்னத் தோட்டம். அங்கிருந்து மூட்டை மூட்டையாக ஆப்பிள் வரவழைத்து, அடுக்கி, கீழே போட்டுப் பார்த்தோம். அடிபட்டவற்றைத் தொழிலாளர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாதம் தொழிற்சாலையில் ஜலதோஷமே கிடையாது. மாதக் கடைசியில் ஒரு தட்டு சரியாக வந்தது.

ஆனால் மைத்துனரின் தோட்டத்தை நம்பி ஓர் இயந்திரத்தை ஓட்ட முடியாது. ஆப்பிளை நிறைய வாங்கிப் பெட்டியில் கட்டி அனுப்புபவர் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருந்தார். எங்கே? எல்லைக்கு அந்தப் பக்கம், ஒன்டாரியோவில்.

"நீ போ," என்றார் முதலாளி.

"நானா? நீங்கள் போனால் மரியாதையாக இருக்காதா?"

"நான் போனால் அவன் முட்டையைப் பற்றிப் பேசுவான். நான் பதில் சொல்வேன். அப்புறம் வியாபாரம் நடக்காது. நீ இரண்டு பக்கத்து ஆளும் இல்லை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது என் குரல் கீச்சென்று இருந்தது. எல்லையில் பிடித்துவிட்டால்? ஒன்டாரியோக்காரர்கள் முட்டைக்குப் பதிலாகத் தட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால்?

சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். நான் வளர்ந்த நாட்டில் ஒரு காலத்தில் ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோகக்கூடாது. சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும், போலீஸ் ஏறுவார், இருக்கைக்கு அடியில் தடியால் தட்டிப் பார்ப்பார். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகிற பையன்கள் ஜமக்காளத்துக்குள் அரிசியைச் சுருட்டிக் கொண்டுபோவார்கள். ஆனால் உத்தமமான வழி ஒன்று உண்டு. மூட்டையை இருக்கையில் வைத்து, அதன்மேல் போர்வையை விரித்து, குடும்பத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்துகொள்வது. எந்தப் போலீஸ்காரரும் பெண்பிள்ளையை எழுந்திருக்கச் சொல்லமாட்டார். மாகாண எல்லையில் சண்டை என்று செய்தித்தாளில் படித்ததும் என் மூளைக்குத் தெரிந்த எல்லை அதுதான். தடுப்புக் கட்டை, மண்ணெண்ணெய் விளக்கு, தடி.

"நீ தட்டு மேல உட்கார்ந்துக்கணும்," என்றேன் மனைவியிடம்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வேலை போயிடும்னு பயந்து உங்களுக்கு மூளை குழம்பிடுச்சா?"

"ஒரு மணி நேரம்தான்."

"எங்க சித்தி அரிசி மேல உட்கார்ந்தா. நான் எம்.ஏ. படிச்சுட்டு காகிதத்து மேல உட்காரணும்."

ஆனாலும் வந்தாள். சனிக்கிழமை காலை நண்பன் காரை எடுத்து வந்தான். எனக்கு ஓட்டத் தெரியும். நெடுஞ்சாலையைக் கண்டால் மட்டும் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். பின் இருக்கையில் தட்டுகளை அடுக்கினேன். மேலே கம்பளி. அதன்மேல் பட்டுப்புடவையும் குளிர் கோட்டும் பூட்ஸுமாக என் மனைவி, யானை மேல் அம்பாரியில் உட்கார்ந்ததுபோல், தலை கூரையில் இடிக்க இடிக்க. என் கோட்டுப் பையில் கடவுச்சீட்டு, குடியேற்றக் காகிதம், பட்டச் சான்றிதழ். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் கல்யாணப் பத்திரிகையும்.

"அண்ணை, கலியாண அழைப்பு ஏன்?"

"இவ என் சம்சாரம்னு கேட்டா காட்ட வேண்டாமா?"

"ஓம், ஓம். தமிழ் வாசிக்கிற பொலிஸ்காரன்தான் அங்கை நிப்பான்."

ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை வயல். நான் முன் இருக்கையில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை. உறவினரைப் பார்க்கப் போகிறோம். எந்த உறவினர்? ஒன்றுவிட்ட மாமா. மாமாவின் பெயர்? பெயர் வைப்பதற்குள் வியர்த்துவிட்டது. வெளியே உறைபனி, உள்ளே நான் கண்ணாடியைக் கீழே இறக்கினேன். கடைசியில் கண்ணை இறுக்க மூடி, குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதலும் வைத்தேன்.

நண்பன் கேட்டான். "அண்ணை, நித்திரையோ?"

"இல்லப்பா. எல்லை வந்தா சொல்லு."

"எல்லை போயிட்டுது."

"எப்ப?"

"நீங்க கும்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை."

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் சாலையோரம் ஒரு பலகையின் முதுகு. தாண்டி வந்தவர்களுக்குப் பின்பக்கம்தானே தெரியும். வேறு ஒன்றுமில்லை. கட்டையில்லை, விளக்கில்லை, தடியில்லை. ஒரு மாடுகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்க என்ன எழுதியிருந்துச்சு?"

"நல்வரவு எண்டு."

பின்னாலிருந்து என் மனைவி, "அப்ப நான் இறங்கலாமா?" என்றாள். நண்பன் சிரித்த சிரிப்பில் காரை ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது. அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். முதலில் நான் கோபமாக இருந்தேன். பிறகு கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. மூன்று பேருமே சிரித்து அழுது முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஆப்பிள் கட்டுபவர் உயரமான, சிவந்த மூக்குள்ள மனிதர். குளிர்க் கிடங்கின் வாசலில் நின்றார். கைகொடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் கியூபெக்கா?"

இதுதான் நான் பயந்த கேள்வி. ஆமாம் என்றால் முட்டை. இல்லை என்றால் பொய். நான் திருநெல்வேலியில் ஆரம்பித்தேன். தஞ்சாவூர் வழியாகச் சென்னை வந்து, கப்பல் ஏறி, இங்கிலாந்தில் இறங்கி, இன்னும் கனடாவுக்கு வராத நிலையில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களிடம் தட்டு வாங்கிக்கொண்டிருந்த முட்டைக்காரன் என் மைத்துனன்," என்றார். "ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உங்கள் மாகாணத்தைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உங்களிடம் வாங்கினால் அவன் என்னையும் திட்டுவான். அதற்குத் தகுந்த பொருளா என்று பார்க்கிறேன். கொடுங்கள்."

தட்டை வாங்கிப் பார்த்தவரின் புருவம் ஏறியது. "இது ஏன் சூடாக இருக்கிறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள், ஆங்கிலத்தில், தெளிவாக: "நான் மொன்றியலிலிருந்து அதன்மேல்தான் உட்கார்ந்து வந்தேன்."

"எதற்கு?"

அவள் என்னைக் கைகாட்டினாள். நண்பன் ஆசை தீர, அரிசி மூட்டையில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினான். நான் கிடங்கின் கூரையில் எத்தனை விட்டம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குழி குழியாக விரலை விட்டுப் பார்த்தார்.

"முழு வழியுமா?"

"முழு வழியும்," என்றாள் என் மனைவி. "குண்டும் குழியும் வேறு."

"ஒரு குழிகூட நசுங்கவில்லையே."

பெட்டியை உயரமாக அடுக்கும்போது அடிப்பெட்டி நசுங்குவதுதான் அவருடைய தலைவலியாம். போன வருஷம் வேறொருவரிடம் வாங்கிய தட்டு பாரம் தாங்காமல் அப்பளமாகிவிட்டதாம். தட்டுகளைத் தரையில் வைத்தார். தானே அதன்மேல் உட்கார்ந்தார். என் மனைவியைப்போல் இரண்டு மடங்கு இருப்பார். தட்டு முனகியது, தாங்கியது. அங்கிருந்த ஆட்களைக் கூப்பிட்டு, தட்டுப் போட்டு ஆப்பிள் அடுக்கிய பெட்டி ஒன்றை மேஜை உயரத்திலிருந்து போடச் சொன்னார். ஒவ்வொரு பழமாக எடுத்துத் தடவிப் பார்த்தார். ஒன்றிலும் அடி இல்லை.

"இந்தக் குளிர்காலம் முழுவதற்கும் தருவீர்களா?" என்றார்.

தருவோம் என்று சொல்லவேண்டியவன் நான். என் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. என் மனைவி, "தருவோம்," என்றாள்.

புறப்படும்போது ஒரு கூடை ஆப்பிளைக் காரில் ஏற்றினார். "உங்கள் முதலாளிக்குக் கொடுங்கள். முட்டைக்கும் ஒரு வழி பிறக்கும் என்று சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தில் பெண் எடுத்தவர்கள். எத்தனை நாளைக்கு முறைத்துக்கொண்டிருப்பது?" திரும்பி வரும்போது என் மனைவி இருக்கையில் சாதாரண மனுஷியாக உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஆப்பிள் கடித்துக்கொண்டு வந்தாள். எல்லைப் பலகையை இந்த முறை நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். கியூபெக்கும் எங்களை நல்வரவு என்றுதான் சொன்னது, பிரெஞ்சில்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் தார்ப்பாயை உருவினோம். இயந்திரம் முதல் நாள் இருமியது, இரண்டாம் நாள் தட்டுத் தள்ளத் தொடங்கியது. முதலாளி பக்கத்தில் நின்று புகைத்தார். மாலையில் என் மேஜையில், தீபாவளியன்று ஒளித்துவைத்த அந்த ஒயின் பாட்டில் இருந்தது. தேவாலயக் கூடத்திலிருந்து தானே தேடி எடுத்துப்போயிருக்கிறார். அதை நண்பனிடம் கொடுத்தேன். முட்டையைப்போல் அவன் அதைப் படியில் அடுக்கவில்லை.

ஆப்பிள்காரர் சொன்னபடியே ஆயிற்று. பிறகு ஒட்டாவாவில் எல்லா மாகாணத்தாரும் உட்கார்ந்து, இழுபறி நடத்தி, முட்டையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொண்டார்கள். முற்றிலும் திறந்த வாசல் என்று சொல்லமாட்டேன். மூடிய கதவு பாதி திறந்தது. ஒரு நாள் அந்த முட்டைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். மறுபடியும் தட்டு வேண்டுமாம், பழைய அளவில், உடனே.

இரண்டு இயந்திரமும் அப்போது மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் ஆப்பிள், ஒன்றில் உள்ளூர் முட்டை. இவருக்கு எங்கே போவது? இல்லை என்றால் போய்விடுவார். போய்விட்டால் ஆப்பிள்காரரும் அவர் மைத்துனர்தானே, அவரும் போய்விடுவார். இரண்டு பேரும் போய்விட்டால்? எனக்கு வியர்த்தது. காகிதத்தை எடுத்து, அளவுகோலை எடுத்து, ஒரு கோடு போட்டேன். கோடு மேலே போயிற்று. அதை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக் கதவைத் தட்டினேன்.

"இருக்கிற இரண்டு போதாது," என்று ஆரம்பித்தேன்.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"முதலில் உன் மனைவியைக் கேட்டுவிட்டு வா."